இரண்டு முள், ஒரு தட்டு

அம்மா மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுவதற்குள் ரெக்கார்டு பிளேயரில் எந்த முள்ளைப் பொருத்துவது என்று முடிவு செய்துவிட வேண்டும். பழைய செய்தித்தாளை மேசையில் விரித்து அதன்மேல் முள் பதித்த இரண்டு கார்ட்ரிட்ஜையும் வைத்து, ஒன்றோடொன்று உரசிவிடுமோ என்று இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள் எப்சிபா. பெருவிரலின் மேல்கணு அளவுதான் இரண்டும். ஒன்று பாக்கு நிறம், கனமானது, அதன் முள் வெறும் கண்ணுக்கே தெரியும், அது மோனோ. மற்றது கறுப்பு, முள் இருக்கிறதா உதிர்ந்துவிட்டதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், அது ஸ்டீரியோ. எதை வேண்டுமானாலும் பிளேயரின் கையில் செருகித் திருகிவிடலாம், கண் மூடித் திறக்கும் வேலை. அந்த வேலைக்காகச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் மூச்சு கேட்டது. மூக்கில் வரும் மூச்சு இல்லை அது. போன லெந்து நோன்புக் காலத்தில் குரல்வளையை எடுத்த பிறகு கழுத்தில் விட்டிருக்கும் துளை வழியாக வருவது, குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் முனகுமே, அப்படி. அது சீராக வந்துகொண்டிருக்கும்வரை நேரம் இருக்கிறது. நடுவில் ஒருமுறை தடைப்பட்டபோது எப்சிபாவின் கை தானாகக் கறுப்பை எடுத்துவிட்டது, மூச்சு திரும்பியதும் தானாகவே கீழே வைத்தது. இப்படித்தான், பயந்தால் ஸ்டீரியோ, பயம் தெளிந்தால் இரண்டும் இல்லை. மேசையின் மறுபக்கம் அந்தத் தட்டு கிடந்தது, உள்ளங்கையை விரித்தால் மூடிவிடக்கூடிய சின்ன ரெக்கார்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு, பாளையங்கோட்டையில் ஒரு சர்ச்சுக்குள் ஆறு பெண்கள் பாடி, கல்கத்தாவுக்கு அனுப்பி அச்சடித்து வந்தது. ஆறில் ஒருத்தி சுகிர்தம், பதினேழு வயது, பின்னால் எப்சிபாவுக்கு அம்மா ஆகப்போகிறவள். அம்மாவின் குரல் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இதில்தான் இருக்கிறது, இருந்தால். இருக்கும். இருக்காமல் எங்கே போகும்? ஒரு தடவை கேட்கிறேன், ஒரே தடவை, என்று அம்மா விரலைக் காட்டி ஒத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு முன்னால் நீ கேட்டுவிடக் கூடாது என்பதும் அம்மாவின் நிபந்தனை. காதைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு எப்சிபாவின் காதைப் பிடித்துக் கொஞ்சம் அழுத்தமாகவே திருகிச் சொன்னாள். ஏன் என்று எப்சிபா கேட்கவில்லை. இப்போதெல்லாம் ஏன் என்று தொடங்கும் எதையும் அவள் அம்மாவிடம் கேட்பதில்லை.

ஸ்டீரியோ முள் தட்டைக் கெடுக்காது. அதுவரைக்கும் தெளிவு. அப்படியானால் அதையே போடவேண்டியதுதானே என்று மனது அவசரப்படும், உடனே, இந்தத் தட்டையும் முள்ளையும் கொடுத்த சவுண்ட் சர்வீஸ்காரர் அதிசயராஜ் அண்ணாச்சியின் கடைப் பின்கட்டு ஞாபகம் வரும், ஒலிபெருக்கிக் குழாய்கள் பூசணிப்பூ மாதிரி அடுக்கியிருக்கும் அந்த இருட்டு அறை, அங்கே அவர் ஒரு தேய்ந்த தட்டை முதலில் கறுப்பு முள்ளில் போட்டார், தகரக் கூரையில் மழை விழுவதுபோல் ஒரே இரைச்சல், அதற்கு அடியில் யாரோ பாடுகிறார்கள் என்று நம்பிக்கொள்ள வேண்டும். அதே தட்டைப் பாக்கு முள்ளில் போட்டார். மழை நின்றுவிட்டது. ஒரு ஆள், தொண்டையைச் செருமிக்கொண்டு, அறைக்குள் வந்து பாடினான். மோனோ முள் பக்கவாட்டில் மட்டும்தான் ஆடும், மேலும் கீழும் நடப்பதை அது கண்டுகொள்ளாது, அழுக்கும் கீறலும் அதிகம் மேலும் கீழும்தான் கத்தும் என்றார். அவ்வளவு நல்லது என்றால் அதையே எல்லாவற்றுக்கும் போடலாமே என்று அவள் கேட்க நினைத்து, கேட்காமல் நின்றாள், அவர் கேட்காமலே இன்னொரு தட்டை எடுத்துக் காட்டினார், ஸ்டீரியோ தட்டு, அதை யாரோ கல்யாண வீட்டில் அவசரத்துக்கு இந்தப் பழைய மோனோ முள்ளில் ஓட்டியிருக்கிறான், ஓடி முடித்தபோது முள்ளைச் சுற்றிச் சாம்பல்போல் பொடி ஒட்டியிருந்ததாம். மேலும் கீழும் வளையத் தெரியாத முள், வழியில் இருந்ததையெல்லாம் உழுதுகொண்டு போய்விட்டது. பொடி என்றால் என்ன? பாட்டுதான் பொடி. யாருடைய தொண்டையோ. ஊதினால் பறந்துவிடும். அதற்குப் பிறகு அந்தத் தட்டை எதில் போட்டாலும் சீறலைத் தவிர ஒன்றும் வரவில்லை என்றார் அண்ணாச்சி, கொட்டாவி விட்டுக்கொண்டே. ஆகவே, இது மோனோ தட்டாக இருந்து ஸ்டீரியோ முள் போட்டால் அம்மா மழைச் சத்தத்தைக் கேட்பாள், ஒரு தடவை, போதும் என்று கையைக் காட்டி எழுந்துவிடுவாள், அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். இது ஸ்டீரியோ தட்டாக இருந்து மோனோ முள் போட்டால் அம்மா தன் குரல் பொடியாகப் போவதை உட்கார்ந்து பார்ப்பாள். இரண்டாவது தடவை. முதல் தடவை ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் இருந்தாள், பார்க்கவில்லை.

எல்லாத் தட்டிலும் நடுவில் லேபிள் இருக்கும், மோனோ என்றோ ஸ்டீரியோ என்றோ பொடி எழுத்தில் போட்டிருக்கும். இந்தத் தட்டிலும் இருந்திருக்கும். ஆனால் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கு ஒரு வழக்கம், கல்யாண வீட்டிலும் கோயிலிலும் தங்கள் தட்டு அடுத்தவன் தட்டோடு கலந்து காணாமல் போய்விடக் கூடாது என்று, வாங்கிய அன்றே லேபிள்மேல் தங்கள் பெயர் அச்சடித்த தாளை ஒட்டிவிடுவார்கள். அண்ணாச்சியின் அப்பா ஒட்டியிருக்கிறார், மைதா பசையில், சிவப்பு மையில் நூற்றுப் பதினான்கு என்று எண்ணும் போட்டு. கோயில் அசனத்தன்று ஊரே வரிசையாக உட்கார்ந்து சோறு சாப்பிடும்போது நூற்றுப் பதினான்காவதாக அம்மா பாடியிருக்கிறாள், யார் காதிலாவது விழுந்திருக்குமா, சாம்பார் வாளிச் சத்தத்தில்? ஒட்டுத்தாளின் ஓரத்தைக் கெட்டில் ஆவியில் காட்டி நேற்று மெல்ல உரித்துப் பார்த்தாள். கீழே இருந்த லேபிளும் சேர்ந்து தோலாக உரிந்து வந்தது, உள்ளே வெறும் வெள்ளை. பதறிப்போய் எச்சில் தொட்டு அழுத்தி ஒட்டிவிட்டாள். தட்டு வந்த உறையில் ஸ்டீரியோ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, அதைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டாள், பிறகுதான் கவனித்தாள், உறையில் படம் போட்டிருப்பவன் கிடார் வைத்துக்கொண்டிருக்கும் வடக்கத்திக்காரன். சவுண்ட் சர்வீஸ்காரர்கள் உறையையும் மாற்றிப் போடுவார்கள். எந்தச் சட்டை கையில் அகப்படுகிறதோ அதை மாட்டிவிட்டு ஓடும் பிள்ளைகள் மாதிரி.

கல்லூரி நூலகத்தில் அவள் வேலை இதற்கு நேர் எதிர், எந்தப் புத்தகத்துக்கு எந்த அட்டை, எந்த அடுக்கு, எந்த எண், ஒன்றும் மாறக் கூடாது, அங்கே பேசவும் வேண்டாம், அதனால்தான் அந்த வேலை. பேச வேண்டிய இடங்களில் எல்லாம் அம்மா பேசினாள். ரேஷன் கடையில், பஸ்ஸில், கல்லூரியில் இவளைச் சேர்க்கும்போதுகூட, எம் பிள்ளைக்கு லைப்ரரி சயன்ஸ்தான் வேணும், வேற எதும் தள்ளிவிடாதீங்க சார், என்று அந்த அறையே திரும்பிப் பார்க்கும்படி. அப்பா இறந்த வருஷம் வாடகை வீட்டுக்காரரிடம் பேசியது அந்தக் குரல்தான். எப்சிபா பின்னால் நின்று கால் விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருப்பாள், ஐயோ மெதுவாப் பேசும்மா என்று முந்தானையை இழுப்பாள். மெதுவாப் பேசும்மா. எத்தனை தடவை சொல்லியிருப்பாள். இப்போது அந்தக் குரலை நினைத்துப் பார்க்க முயன்றால் சொற்கள் வருகின்றன, சார் வருகிறது, தள்ளிவிடாதீங்க வருகிறது, ஆனால் அவற்றைச் சொல்வது எப்சிபாவின் குரல், மனசுக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இந்த மெல்லிய குரல், எதையும் முடிக்காத குரல். எந்த மாதம் அது மாறியது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அம்மாவின் குரலாகத்தான் வந்துகொண்டிருந்தது, இரவில் கண்ணை மூடினால் பக்கத்தில் கேட்கும். ஒரு நாள் மீன்காரி தெருவில் போகும்போது, நெத்திலியா சாளையா என்று அம்மா கேட்பாளே என்று நினைத்தாள், நினைப்பில் கேட்டது தன் குரல். அன்றைக்கு மீன் வாங்கவில்லை. ஒரு வீடியோ இல்லையா, ஒரு வாய்ஸ் மெசேஜ் இல்லையா என்று எல்லாரும் கேட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் பிடிக்காது, பேச வேண்டுமென்றால் கூப்பிடுவாள், போனில் கூப்பிட்டுப் பேசுவதில் என்ன மிஞ்சும், இத்தனை நிமிடம் பேசியது என்பது மிஞ்சும். சித்தி மகள் கல்யாண வீடியோவை ஓட்டி ஓட்டிப் பார்த்தாள், அம்மா மூன்று இடத்தில் வருகிறாள், மூன்றிலும் வாயசைகிறது, மேலே நாதஸ்வரத்தைச் சேர்த்து வைத்திருக்கிறான். டாக்டர் சொன்னாரென்று கழுத்தில் வைத்துப் பேசும் மெஷின் ஒன்று வாங்கினார்கள். அம்மா அதை வைத்து எப்சி என்றாள். வண்டு ஒன்று டப்பாவுக்குள் அகப்பட்டு எப்சி என்றது. அம்மா மெஷினைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டாள், அதற்குப் பிறகு எடுக்கவில்லை, உதட்டை மட்டும் அசைப்பாள், எப்சிபா படித்துக்கொள்ள வேண்டும். பாதி புரியும். மறுபடி என்னம்மா என்று கேட்டால் அம்மாவின் முகத்தில் கதவு சாத்துகிற மாதிரி ஒன்று நடக்கும், அதற்குப் பயந்து புரியாததற்கும் சரிம்மா என்று தலையாட்டினாள் ஒருநாள், அம்மா சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தாள், சரி என்று சொல்லும் கேள்வியே இல்லை போலிருக்கிறது அது. அன்றிலிருந்து காப்பியா டீயா, வலிக்குதா வலிக்கலையா, ஃபேனைக் கூட்டவா குறைக்கவா. தலையசைப்பில் முடிகிற கேள்விகள் மட்டும்.

போன் அதிர்ந்தது. அதிசயராஜ் அண்ணாச்சி. அவள் பின்வாசல் துணி துவைக்கும் கல் பக்கம் ஓடினாள்.

"என்ன எப்சிம்மா, பாட்டு கேட்டாச்சா? அம்மை என்ன சொல்லுதாவ?"

"இன்னும் போடல அண்ணாச்சி."

"இன்னுமா? தட்டைத் தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டா இருக்க? ஏல, அந்த பாக்ஸைக் குப்புறக் கவுக்காதன்னு எத்தன தடவ சொல்ல! உன்னை இல்லம்மா, நீ சொல்லு."

"எந்த முள்ளுன்னு தெரியல."

"சத்தமாப் பேசும்மா, இங்கன ஜெனரேட்டர் ஓடுது. நீ பேசுதது கொசு பேசுத மாதிரி இருக்கு."

"மோனோவா ஸ்டீரியோவான்னு தெரியல!" அவளுக்கே அது கத்தல் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு மதிலில் உட்கார்ந்திருந்த பூனை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது எங்கப்பாவுக்குல்லா தெரியும். கறுப்பைப் போடு, தட்டுக்கு ஒண்ணும் ஆவாது."

"இரைச்சல் வருமே அண்ணாச்சி. அம்மா ஒரு தடவைதான் கேப்பாங்க."

"அப்ப பாக்கைப் போடு."

"தட்டு போயிருச்சுன்னா?"

"ஏம்மா, பரீட்சையும் இப்படித்தான் எழுதுனியா? ரெண்டு விடையும் சரி மாதிரி இருக்குன்னு மணி அடிக்கிற வரைக்கும் பேனாவக் கடிச்சிக்கிட்டு? பாடுன ஆளு பக்கத்து ரூம்ல படுத்திருக்காவ. எத்தன மைக்கு வச்சு எடுத்தாவன்னு கேட்டா தீந்துபோச்சு. ஒத்த மைக்குன்னா மோனோ, கண்ண மூடிக்கிட்டுப் போடு. இதுக்குப் போயி..."

"கேக்கணும் அண்ணாச்சி."

"கேக்கணும்னா கேளு. வாய் இருக்குல்லா உனக்கு?" சொன்ன வேகத்தில் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "தப்பா எடுத்துக்காத தாயி," என்று வைத்துவிட்டார்.

அவள் கல்லின் ஈரத்தில் கை வைத்தபடி நின்றாள். கேட்டால் தீர்ந்துபோகும். தீர்ந்துபோகும் என்பது அவருக்கு. எத்தனை மைக் என்று கேட்டால் அம்மா அந்த நாளுக்குள் போக வேண்டும், குரல் இருந்த பெண்ணாக அங்கே நிற்க வேண்டும், நின்று, அங்கிருந்து, வெறும் உதட்டால் சொல்ல வேண்டும். ஒன்று என்று விரலைக் காட்டிவிட்டால் நல்லது. அம்மா விரலோடு நிற்க மாட்டாள், அம்மாவுக்கு எதையும் விஸ்தாரமாகச் சொல்லித்தான் பழக்கம், உதடு வேகமாக அசையும், எப்சிபா பாதியில் தொலைந்துபோவாள், என்னம்மா என்பாள், கதவு சாத்தும், பிறகு பாட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். கேட்காமலே போட்டுவிடலாம். கறுப்பு. இரைச்சலில் கொஞ்சமாவது கேட்காதா? ஆறு பேரில் ஒருத்தியை, மழைக்குள், எப்படிப் பிரித்து எடுப்பது? பிரிக்க முடியவில்லை என்றால் அம்மாவின் முகத்தைப் பார்த்து, ஆமா, கேட்டுச்சும்மா, நல்லா இருந்துச்சு என்று சொல்வாள். சொல்லிவிடுவாள், அவளைப் பற்றி அவளுக்குத் தெரியும். புரியாததற்குச் சரி சொன்னதுபோல் கேட்காததற்கும் ஒரு சரி. அதற்குப் பாக்கே மேல், பொடியானாலும் பொடிந்தது என்று இருவருக்கும் தெரியும். இல்லை, அது பைத்தியக்காரத்தனம். கறுப்பு. உள்ளே போனாள், கறுப்பை எடுத்துப் பிளேயரின் கையில் செருகித் திருகினாள், விரல் வியர்வையில் வழுக்கியது, இறுகிவிட்டது, முடிந்தது, அப்பாடா என்று இருந்தது, அந்த அப்பாடாவே சரியில்லை என்று தோன்றியது, வரிசையில் தன் முறை வந்ததும் அம்மாவை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் ஒதுங்கும்போது வருமே அதே அப்பாடா. திருகைத் தளர்த்தினாள். அந்த நேரத்தில் பக்கத்து அறை மூச்சு இருமலாக மாறி, நின்று, கட்டிலின் இரும்புக் கம்பியில் டம்ளர் இரண்டு தரம் தட்டியது. அம்மா எழுந்துவிட்டாள்.

பிளேயரையும் தட்டையும் பாக்கு முள்ளையும் அம்மாவின் கட்டிலருகே இருந்த மேசைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் காப்பி கொடுத்தாள். அம்மா கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, பிளேயரைப் பார்த்தாள், கழன்று தொங்கிய முள்ளைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், என்ன என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள். ஒன்றுமில்லை என்று சொல்ல எப்சிபாவின் வாய் தயாராகத்தான் இருந்தது.

"அம்மா, இந்தப் பாட்டை எடுத்தப்போ எத்தனை மைக் வச்சிருந்தாங்க?"

கேட்டுவிட்டாள். அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். எப்சிபாவுக்குக் காது சூடாகியது, கேட்டிருக்கக் கூடாது, வாய் இருக்கிறது என்பதற்காக, என்று எண்ணுவதற்குள் அம்மா மேசைமேல் இருந்த மாத்திரை அட்டையை இழுத்து, மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கினாள். மூக்குக் கண்ணாடிக் கூட்டைச் செங்குத்தாக நிறுத்தினாள். அதைத் தொட்டு, ஒரு விரலைக் காட்டினாள். ஒன்று. ஒரே மைக். அப்படியானால் மோனோ. அம்மா நிறுத்தவில்லை, ஐந்து மாத்திரைகளைக் கூட்டைச் சுற்றி அரைவட்டமாக வைத்தாள், எதிரே தீப்பெட்டியை வைத்துக் கையை வீசிக் காட்டினாள், பாட்டு வாத்தியார். ஆறாவது மாத்திரையை மேசையின் விளிம்புவரை தள்ளிக்கொண்டுபோய், விழுந்துவிடும்போல் ஓரத்தில் நிறுத்தி, தன் நெஞ்சைத் தொட்டாள்.

"அவ்வளவு தூரத்துலயா? ஏன்?"

உதடு அசைந்தது. எப்சிபா படித்தாள், விட்டுவிட்டுப் படித்தாள். என் சத்தம். மத்தவ சத்தத்தை. அடுத்த சொல் புரியவில்லை. தலையாட்டிவிடலாம். "புரியலம்மா, திரும்பச் சொல்லு," என்றாள். அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள், கதவு சாத்தவில்லை, வாயை அகலத் திறந்து எதையோ கவ்வி விழுங்கிக் காட்டினாள். முழுங்கிருமாம். வாத்தியார் கோயில் வாசல்ல நிக்க வச்சிட்டாரு.

கறுப்பைக் கழற்றி, பாக்கைச் செருகித் திருகினாள். தூரத்தில் நின்ற குரல் என்றால் மெல்லியதாகத்தான் விழுந்திருக்கும், இரைச்சலில் அது இருந்த இடமே தெரிந்திருக்காது. தட்டு சுழன்றது, சிவப்பு எண் கோடாகிவிட்டது. முள்ளை இறக்கி, பொடி வருகிறதா என்று முள்ளையே பார்த்தாள், வரவில்லை, ஒரு ஹார்மோனியம் மூச்செடுத்து எழுந்தது. ஐந்து பெண்கள் பாடினார்கள், பக்கத்தில், சுத்தமாக, ஒருத்திக்கு லேசாக ஜலதோஷம். ஐந்துதான் கேட்டது. எப்சிபா ஆறாவதைத் தேடினாள், அடியில், பின்னால், சொற்களுக்கு நடுவில், இதுவா, இல்லை இது ஜலதோஷக்காரி, அதுவா, முதல் சரணம் போயிற்று, பல்லவி போயிற்று, எல்லாமே ஒரே இடத்திலிருந்து வந்தன, ஒரே துணியாக, எந்த நூல் அம்மா என்று உருவ முடியவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தாள். அம்மா பாட்டைக் கேட்கவே இல்லை, எதற்கோ காத்திருந்தாள், ஊசி போடும்போது திரும்பிக்கொள்வதுபோல் முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு, கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு. கடைசிப் பல்லவி வந்தது. கடைசி வரி. கடைசிச் சொல்லை எல்லாரும் சேர்ந்து இழுத்து, கத்தரித்ததுபோல் ஒன்றாக நிறுத்தினார்கள், ஹார்மோனியமும் நின்றது.

ஒரு குரல் நிற்கவில்லை. தூரத்திலிருந்து, திறந்த வாசலின் காற்றோடு, கனமாக, கூச்சமே இல்லாமல், அந்தச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு அது தனியாக நின்றது. பிறகு, தான் மட்டும் பாடிக்கொண்டிருப்பது தெரிந்து, பாதியில் அறுந்தது.

அந்தச் சத்தம் எப்சிபாவின் மனசுக்குள் இருந்த மெல்லிய குரலைத் தள்ளிவிட்டு இடத்தை எடுத்துக்கொண்டது.

முள் கடைசி வட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. அம்மா திரும்பினாள். முகம் சிவந்திருந்தது, பதினேழு வயதுச் சிவப்பு. உதடு மெதுவாக, மகளுக்குப் புரிய வேண்டுமென்றே ஒவ்வொரு சொல்லாக அசைந்தது. நிறுத்தச் சொல்லி வாத்தியார் கையை மடக்குனது வாசல்ல எனக்குத் தெரியல. டேப் தீந்துபோச்சு, மறுபடி எடுக்க முடியல. என்னால பாட்டே கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் பாடக் கூப்பிடல. நீ சிரிக்கிறதுக்கு முன்னால நான் கேட்டுக்கிடணும்னு நெனச்சேன்.

"அங்க மட்டும்தான்மா," எப்சிபாவின் குரல் உடைந்து பெரிதாக வந்தது, தெருவரை கேட்டிருக்கும், "அங்க மட்டும்தான் உன் குரல் தனியாக் கேக்குது."

கேலி செய்கிறாளா என்று அம்மா அவள் முகத்தை ஆராய்ந்தாள். வெகுநேரம் ஆராய்ந்தாள். பிறகு கட்டிலிலிருந்து இறங்கி வந்து, பிளேயரின் கையைத் தானே தூக்கினாள். பாட்டின் ஆரம்பத்துக்குக் கொண்டுபோகவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, சுழலும் தட்டில் கடைசி வரி எங்கே தொடங்குகிறது என்று தேட ஆரம்பித்தாள்.